ஊசியின் முனையில் ஒரு துளை

பழைய காப்புரிமை ஆவணங்களைப் படிப்பது சில ஆண்டுகளாக எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அமெரிக்கக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை வரைபடங்களோடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் படத்தைப் பார்ப்பேன். பிறகு நடுவில் பக்கம் பக்கமாக ஓடும் விளக்கத்தைத் தாண்டி, கடைசியில் உள்ள உரிமைக்கோரல் பகுதிக்குப் போய்விடுவேன். 'இந்த எல்லைக்குள் இருப்பது என்னுடையது' என்று கண்டுபிடிப்பாளர் சட்டப்படி வேலி போடும் இடம் அதுதான். அந்த வேலிக்குள் ஒரு முழு இயந்திரம் இருப்பது அரிது. ஒரு தண்டு எந்தத் திசையில் ஆடுகிறது, இரண்டு சக்கரங்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றன, ஒரு நூல் எந்த நொடியில் தளர்கிறது என்பது போன்ற ஓர் அசைவுதான் பெரும்பாலும் அங்கே கோரப்பட்டிருக்கும். தொழிற்சாலைக்கானாலும் வீட்டுக்கானாலும் விளையாட்டுக்கானாலும், இயந்திரங்களின் வரலாற்றை 'கண்டுபிடித்தவர் யார்' என்ற வினாடி வினாக் கேள்வியாகச் சுருக்கினால் காணாமல் போவது இந்த அசைவுகள்தாம்.

தொழிற்சாலையிலிருந்து தொடங்கலாம். ஜேம்ஸ் வாட் 1769-இல் காப்புரிமை பெற்றது நீராவி இயந்திரத்துக்கு அன்று. நீராவியை உருளைக்குள்ளேயே குளிர்விக்காமல் தனியான ஒரு கலத்துக்குக் கொண்டுபோய்க் குளிர்விக்கும் முறைக்கு. நீராவியால் இயங்கும் எந்திரம் அவருக்கு முன்பே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுரங்கங்களில் நீர் இறைத்துக்கொண்டிருந்தது. மேலும் கீழும் போய்வரும் அந்த இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றினால்தான் ஆலைகளின் சக்கரங்களை ஓட்ட முடியும் என்ற நிலை வந்தபோது, அதற்கான எளிய வழி எல்லோருக்கும் தெரிந்த கிராங்க், அதாவது அச்சோடு இணைந்த வளைந்த தண்டுதான். காலால் மிதித்து ஓட்டும் கடைசல் எந்திரத்தில் காலங்காலமாக இருந்துவரும் உறுப்பு என்பதால் அதற்கு யாரும் உரிமை கோர முடியாது என்று வாட் எண்ணியிருந்தார். ஆனால் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜேம்ஸ் பிக்கார்ட், நீராவி இயந்திரத்தில் கிராங்கைப் பொருத்துவதற்கு 1780-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். தம் பட்டறையிலிருந்துதான் செய்தி கசிந்தது என்று வாட் கடைசிவரை நம்பினார்.

பிக்கார்டிடம் உரிமம் கேட்டு நிற்க மனமில்லாமல், வாட் 1781-இல் ஐந்து மாற்று வழிகளுக்குக் காப்புரிமை எடுத்தார். அவற்றில் நடைமுறையில் நிலைத்தது 'சூரியனும் கோளும்' எனப்பட்ட பற்சக்கர அமைப்பு. அதை உருவாக்கியவர் அவரிடம் பணியாற்றிய வில்லியம் மர்டாக் என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது. இயந்திரத்தின் தண்டு நுனியில், தன்னளவில் சுழல முடியாதபடி இறுக்கப்பட்ட ஒரு பற்சக்கரம், அச்சில் பொருத்திய இன்னொரு பற்சக்கரத்தைச் சுற்றி வரும். இரண்டிலும் பற்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால், தண்டு ஒருமுறை மேலே போய்க் கீழே வரும் நேரத்தில் அச்சு இரண்டு முறை சுழன்றுவிடும். தடையைச் சுற்றிப் போகக் கண்ட வழியில் இப்படி இரட்டை வேகம் ஓர் உபரியாகக் கிடைத்தது. பிக்கார்டின் உரிமை 1794-இல் முடிந்தபின் வாட்டின் நிறுவனமும் மெல்லக் கிராங்குக்கே திரும்பியது. வாட்டுக்காக இரக்கப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. தம் முதல் காப்புரிமையை 1775-இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் 1800 வரை நீட்டித்துக்கொண்டு, பிறருடைய எந்திரங்களை வழக்குகளால் முடக்கியவரும் அவரே.

வீட்டுக்குள் வந்த இயந்திரங்களில் காப்புரிமைகள் மிக அடர்த்தியாகப் பின்னிக்கிடப்பது தையல் இயந்திரத்தில்தான். தாமஸ் செயிண்ட் என்ற ஆங்கிலேயர் தோல் தைக்கும் எந்திரம் ஒன்றுக்கு 1790-லேயே காப்புரிமை பெற்றார். காலணி தொடர்பான வேறு பலவற்றோடு சேர்த்துப் பதியப்பட்டிருந்ததால், 1870-களில் ஒருவர் தேடி எடுக்கும்வரை அந்த வரைபடம் யார் கண்ணிலும் படவில்லை. பிரான்சில் பார்த்தெலமி திமோனியே என்ற தையற்காரர் 1830-இல் காப்புரிமை பெற்று, பாரிஸில் ஏறத்தாழ எண்பது எந்திரங்களோடு இராணுவச் சீருடைகள் தைக்கும் பட்டறை ஒன்றில் ஈடுபட்டார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் கூட்டமாகப் புகுந்து அவற்றை உடைத்தெறிந்தார்கள். திமோனியே வறுமையிலேயே இறந்தார்.

திமோனியேயின் எந்திரம் போட்டது சங்கிலித் தையல். ஒரே நூல், ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையமாகக் கோத்துக்கொண்டே போகும். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று அவிழ்ந்து வருவது இதனால்தான். மூட்டைக்கு அது வசதி, சட்டைக்கு ஆபத்து. அவிழாத தையலுக்கு இரண்டு நூல்கள் வேண்டும். மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். இன்று நம் தையற்கடைகளில் 'பாபின்' என்று சொல்லும் சிறு உருளையில் சுற்றி உள்ளே போடுகிறோமே, அது அந்தக் கீழ் நூல்.

இங்கேதான் ஊசி தலைகீழாக மாறியாக வேண்டியிருந்தது. கையால் தைக்கும் ஊசியில் துளை பின்பக்கம் இருக்கிறது. ஆகவே ஊசி முழுவதும் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவந்து, நூல் முழுவதையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். கைக்கு அது இயல்பு. எந்திரத்துக்கோ ஊசியைப் பிடித்து, விட்டு, மறுபக்கத்தில் மீண்டும் பிடிக்கும் வேலை பெருஞ்சிக்கல். துளையைக் கூர்முனைக்கு அருகே கொண்டுபோய்விட்டால், ஊசியின் நுனி மட்டும் துணியைத் துளைத்துக் கீழே இறங்கினால் போதும். இறங்கிய ஊசி ஒரு நூலிழை அளவு மேலே எழும்பும் அந்தக் கணத்தில், துணியின் உராய்வால் நூல் முழுவதும் கூடவே எழ முடியாமல் பக்கவாட்டில் சிறு வளையமாகப் பிதுங்குகிறது. அந்த வளையத்துக்குள் கீழ் நூலைச் செலுத்திவிட்டால் தையல் பூட்டிக்கொள்ளும். வளையம் பிதுங்கும் கணமும் கீழ் நூல் வரும் கணமும் சற்றே பிசகினாலும் தையல் விட்டுப்போகும். பழுது பார்ப்பவர்கள் ஊசியையும் வளையத்தைப் பிடிக்கும் கொக்கியையும் விளக்கருகே பிடித்துவைத்துக்கொண்டு மயிரிழை அளவுக்குத் திருகிப் பார்ப்பது இந்தப் பொருத்தத்துக்காகத்தான்.

நியூயார்க்கின் வால்டர் ஹன்ட் 1830-களின் நடுப்பகுதியிலேயே முனையில் துளையுள்ள ஊசியும், கீழ் நூலை ஏந்திச் செல்லும் ஓடமும் கொண்டு இத்தகைய எந்திரத்தைச் செய்துவிட்டார். ஆனால் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. தையல் பெண்களின் வேலை பறிபோகும் என்று அவருடைய மகள் தடுத்ததாகச் சொல்லப்படுவதுண்டு. இதே ஹன்ட்தான் 1849-இல் சேஃப்டி பின்னுக்குக் காப்புரிமை பெற்று, சிறு கடன் ஒன்றை அடைக்க அதை 400 டாலருக்கு விற்றவர். திறமை ஒருவரிடம் இருக்க, அதன் பலன் வேறொருவரிடம் போய்ச்சேர்வதற்கு இவரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மாசசூசெட்ஸைச் சேர்ந்த எலையாஸ் ஹோவ் 1846 செப்டம்பர் 10 அன்று பெற்ற 4,750-ஆம் எண் காப்புரிமையை, அதன் குறைகளுக்காகவே படித்துப் பார்க்கலாம். ஊசி வளைந்தது; பக்கவாட்டில் ஆடுவது. துணியை ஓர் உலோகப் பட்டையில் உள்ள முட்களில் செருகிச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். பட்டையின் நீளம் முடிந்ததும் நிறுத்தி, துணியைக் கழற்றி மீண்டும் மாட்ட வேண்டும். வளைவான தையலே முடியாது. விலையோ 300 டாலர், வாங்க ஆளில்லை. இங்கிலாந்துக்குப் போய், அங்கும் பிழைக்க வழியில்லாமல் திரும்பியபோது, தம் ஊசியையும் ஓடத்தையும் வைத்துப் பலர் எந்திரங்கள் விற்றுக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர்களில் பெரியவர் ஐசக் சிங்கர். 1851-இல் காப்புரிமை பெற்ற சிங்கரின் எந்திரத்தில் ஊசி நேரானது, செங்குத்தாக இறங்குவது. துணி படுக்கையாகக் கிடக்க, மேலிருந்து ஒரு பாதம் அதை அழுத்திப் பிடிக்கும். இன்றைய எந்திரத்தின் தோற்றம் ஏறக்குறைய அதுதான். ஆனாலும் ஊசி முனையின் துளையும், இரு நூல் பூட்டும் ஹோவின் வேலிக்குள் இருந்தன.

ஹோவ் தொடுத்த வழக்கில் சிங்கர் தரப்பு வால்டர் ஹன்ட்டைத் தேடிப்பிடித்து, 'இவர் முன்பே செய்துவிட்டார், ஆகவே ஹோவின் உரிமை செல்லாது' என்று வாதிட்டது. முதலில் செய்தவர் ஹன்ட்தான் என்பதை 1854-இல் காப்புரிமை ஆணையர் ஏற்றுக்கொண்டார். ஆனால் இத்தனை ஆண்டுகள் அதைக் கைவிட்டிருந்தவர் இப்போது உரிமை கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தார். சிங்கர் 15,000 டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்.

அதோடு சண்டை ஓயவில்லை. ஹோவிடம் ஊசி இருந்தது. சிங்கரிடம் துணியை அழுத்திப் பிடிக்கும் அமைப்பு தொடர்பான உரிமைகள் இருந்தன. வீலர் அண்ட் வில்சன் நிறுவனத்திடம் ஆலன் வில்சன் கண்டுபிடித்த சுழலும் கொக்கியும், துணியை நகர்த்தும் பற்களும் இருந்தன. ஆளுக்கொரு உறுப்பைச் சட்டப்படி பிடித்துவைத்திருந்ததால், எல்லா நல்ல அம்சங்களும் சேர்ந்த ஓர் எந்திரத்தைச் செய்ய யாராலும் முடியவில்லை. குரோவர் அண்ட் பேக்கர் நிறுவனத்தின் தலைவரும் வழக்கறிஞருமான ஆர்லாண்டோ பாட்டர் 1856-இல் ஒரு வழி சொன்னார்: மூன்று நிறுவனங்களும் ஹோவும் தங்கள் காப்புரிமைகளை ஒரே தொகுப்பில் போட்டுவிட்டு, வெளியார் உட்பட யார் எந்திரம் செய்தாலும் ஒன்றுக்கு 15 டாலர் கட்டணம் வாங்கிப் பிரித்துக்கொள்வது. அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஹோவுக்கு 5 டாலர் கிடைத்தது. 1860-இல் அவருடைய உரிமை இன்னும் ஏழு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டபோது கட்டணம் 7 டாலராகவும் அவர் பங்கு 1 டாலராகவும் குறைந்தன. அப்படிக் குறைந்தும் அவர் பெருஞ்செல்வரானார். உரிமை 1867 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த மாதமே அவரும் இறந்தார். தொகுப்பின் கடைசிக் காப்புரிமை 1877-இல் காலாவதியான பிறகு எந்திரங்களின் விலை வேகமாகச் சரிந்தது. அந்தக் கூட்டணி இயந்திரத்தை முழுமைப்படுத்தியது, சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டவிடாமல் இருபது ஆண்டுகள் வைத்திருந்தது, இரண்டுமே உண்மை.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆலன் வில்சன். 1854-இல் காப்புரிமை பெற்ற அவருடைய நான்கு அசைவு நகர்த்தியைத்தான் நம் தையற்காரர்கள் 'பல்' என்கிறார்கள். ஊசி துணியை விட்டு வெளியேறியதும் பல் மேலே எழும்பித் துணியைக் கவ்வும், ஒரு தையல் நீளத்துக்குப் பின்னால் தள்ளும், கீழே இறங்கும், துணியைத் தொடாமல் பழைய இடத்துக்கு வந்துசேரும். ஊசி உள்ளே இருக்கும் நேரத்தில் பல் துணியை விட்டுவிடுவதால், தைப்பவர் துணியை எந்தக் கோணத்துக்கும் திருப்பிக்கொள்ளலாம். கழுத்து வளைவும் கைத்துளை வட்டமும் எந்திரத்தில் சாத்தியமானது இதனால்தான். எங்கள் வீட்டுக் கால் மிஷினின் தகட்டைக் கழற்றிப் பஞ்சு எடுக்கும் போதெல்லாம், இந்த நான்கு அசைவுகளையும் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்காமல் நான் மூடுவதில்லை.

இரு நூல் பூட்டுக்கும் ஒரு குறை உண்டு: அது அதிகம் நீளாது. பனியன் துணியை அதில் தைத்து இழுத்தால் நூல் அறுந்துவிடும். கனெக்டிகட் மாநிலத்தில் பின்னலாடை ஆலை நடத்திய மெரோ குடும்பத்தினர் 1880-களில் உருவாக்கிய ஓவர்லாக், துணியின் ஓரத்தைச் சுற்றி நூல்களை வளையங்களாகப் பின்னிக்கொண்டே போவதால் துணியோடு சேர்ந்து தையலும் நீள்கிறது. திருப்பூரில் ஓவர்லாக் என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு தெருவைக் கடப்பதே கடினம்.

தையல் எந்திரக் கூட்டணி உருவான அதே 1856-இல்தான் இந்தியாவில் முதல் காப்புரிமைச் சட்டமும் வந்தது. அதன்கீழ் முதலில் விண்ணப்பித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங். எதற்காக என்றால், பங்கா எனப்பட்ட, கூரையில் தொங்கும் பெரிய விசிறியை இழுக்கும் எந்திரத்துக்காக. துரைமார் வீடுகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஓர் ஆள் நாளெல்லாம் உட்கார்ந்து கயிறு இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் அது பொருத்தமான விண்ணப்பம்தான். சட்டம் என்னவோ பிரிட்டிஷ் அரசியின் முன் ஒப்புதல் பெறாமல் இயற்றப்பட்டது என்பதால் அடுத்த ஆண்டே நீக்கப்பட்டு, 1859-இல் வேறு சட்டம் வந்தது.

விளையாட்டுப் பொருள்களிலும் கதை வேறல்ல. சக்கரக் காலணி பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. ஆனால் நேராக மட்டுமே ஓடும், திரும்புவதற்குக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் 1863-இல் காப்புரிமை பெற்ற காலணியில், முன்னிரண்டு, பின்னிரண்டு சக்கரங்கள் கொண்ட அச்சுகள் சாய்வான ஒரு தண்டின்மீது, ரப்பர் மெத்தை இடையிலிருக்கப் பொருத்தப்பட்டிருந்தன. உடலை ஒருபக்கம் சாய்த்தால் ரப்பர் அமுங்கி, முன்னச்சு அந்தப் பக்கமும் பின்னச்சு எதிர்ப்பக்கமும் திரும்பும். காலணி தானாக வளைந்து ஓடும். சாய்வைத் திருப்பமாக மாற்றும் அந்த ஓர் இணைப்புத்தான் பிளிம்ப்டனின் சொத்து. அவர் காலணிகளை விற்பதைவிட, சறுக்கு அரங்குகளுக்கு வாடகைக்கு விடுவதில் குறியாக இருந்தார். 1870-களில் இங்கிலாந்தில் போலிகள் பெருகியபோது நீதிமன்றங்களில் வழக்காடி வென்றார். அமெரிக்காவில் அவருடைய உரிமை 1880-இல் முடிந்தது. நான்கு ஆண்டுகளில் லெவன்ட் ரிச்சர்ட்சன் சக்கரங்களுக்குள் எஃகுக் குண்டுகளைப் பொருத்தி, தனியாக ஒரு காப்புரிமை பெற்றார். பிளிம்ப்டனின் சாயும் அச்சை இனி யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டிருந்தது. இன்று தெருவில் பிள்ளைகள் ஓட்டும் ஸ்கேட்போர்டின் அடியில் ரப்பரோடு திருகப்பட்டிருப்பதும் அதே அமைப்புதான்.