எந்த இன்ஜினுக்குத் தம்பி?

மண்டபத்தில் படகு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் "பிஸ்டன் ரிங் கொடுங்கண்ணே" என்றால், கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பவே மாட்டார். "எந்த இன்ஜினுக்குத் தம்பி?" என்பார். அப்பாவுக்காகச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கடைக்கு நடந்தவன் நான். ஆனாலும் பி.இ. கடைசி வருட புராஜெக்ட் தொடங்கியபோது அந்தக் கேள்வி ஞாபகம் வரவில்லை. மென்பொருளில் எந்தப் பதிப்பு என்று கேட்காமலே மூன்று வாரம் போச்சு.

தலைப்பு, கடலடி சென்சார் நெட்வொர்க். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி சென்சார்களை இறக்கினால் தகவல் எப்படிக் கரை சேரும் என்று சிமுலேஷனில் காட்ட வேண்டும். தண்ணீருக்குள் ரேடியோ அலை சீக்கிரமே செத்துவிடும், ஒலிதான் கதி. அது நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்சாருக்கு ஒரு பாக்கெட் போய்ச் சேரவே ஒரு நொடி. வைஃபைக்கு எழுதிய மாடல் இதற்கு உதவாது.

இந்த மாதிரி நெட்வொர்க் சிமுலேஷனுக்கு என்எஸ்-2, என்எஸ்-3 என்று இரண்டு மென்பொருள் உண்டு. என்எஸ்-3 என்றால் என்எஸ்-2-இன் புதுப் பதிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. அது 2006-இல் தொடங்கி முதலிலிருந்து புதிதாக எழுதியது. என்எஸ்-2-க்கு டிசிஎல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் அதில் ஓடாது. என் பேஸ் பேப்பரில் (புராஜெக்ட்டுக்கு அடிப்படையாக எடுத்த ஆய்வுக் கட்டுரை) பயன்படுத்திய அக்வாசிம் என்ற கடலடி சிமுலேட்டரோ என்எஸ்-2 மேல் கட்டியது.

சரி என்று 2011-இல் வந்த என்எஸ்-2.35-ஐ புது உபுண்டுவில் (லினக்ஸ் ஓஎஸ்) நிறுவப் பார்த்தேன். மொபைல் டேட்டாவில் இறக்கி, ராத்திரி பதினொரு மணிக்குக் கம்பைல் கொடுத்தால், லிங்க்ஸ்டேட் ஃபோல்டரில் ஒரு ஹெடர் ஃபைலின் 137-ஆம் வரியில் நின்றுவிட்டது. 'இரேஸ்' என்பதற்கு முன்னால் 'திஸ்' போட்டு அம்புக்குறி சேர்த்தால் தாண்டிவிடும். ஜிசிசி கம்பைலர் 4.7 முதல் டெம்ப்ளேட் விஷயத்தில் கறாராகிவிட்டது, பழைய கோடு அதற்கு முந்தியது. அவ்வளவுதான் காரணம். அதைத் தாண்டினால் அடுத்த பிழை. விட்டுவிட்டேன்.

என்எஸ்-3-க்குள்ளேயே கடலடி ஒலிக்கு யுஏஎன் என்ற மாட்யூல் உண்டு, தார்ப் சூத்திரப்படி ஒலி தேய்வதையும் கணக்கிடும். கைடும் ஒத்துக்கொண்டார். ஆசையாகப் புதுப் பதிப்பை இறக்கினேன். பார்த்த வீடியோவிலெல்லாம் கம்பைல் செய்ய 'வாஃப்' கட்டளை, என் ஃபோல்டரில் அப்படி ஒரு ஃபைலே இல்லை! 2022-இல் வந்த 3.36-லேயே வாஃப்பை எடுத்துவிட்டு சிமேக் என்ற வேறு கருவிக்கு மாறிவிட்டார்கள். சீனியர் தந்த கோடும் பழையது. கடைசியில் உபுண்டு 20.04-ஐ விர்ச்சுவல் மெஷினாக (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) போட்டு, அதில் 3.35-ஐ நிறுவினேன். அன்று சாயங்காலமே ஓடியது.

அதனால் தம்பி தங்கைகளே, பேஸ் பேப்பரிலும் கையில் இருக்கும் கோடிலும் எந்தப் பதிப்பு என்று முதலில் தேடுங்கள், அப்புறம் இறக்குங்கள். அடுத்தவர் கோடை ஓட்டுவதென்றால் அவர் வைத்திருந்த பதிப்பேதான், அதோடு அந்தக் காலத்து உபுண்டுவும். எல்லாம் நீங்களே எழுதப்போகிறீர்கள் என்றால் புது என்எஸ்-3-ஐ எடுங்கள். என்எஸ்-2 பக்கம் கைடு வற்புறுத்தினால் மட்டும் போங்கள். பாதியில் பதிப்பை மாற்றாதீர்கள். ஏதாவது ஒரு டீஃபால்ட் மதிப்பு மாறியிருந்தால் பழைய கிராஃபும் புதுக் கிராஃபும் ஒட்டாது, ஏன் என்று வைவாவில் கேட்டால் முழிக்க வேண்டியதுதான். பதிப்பு எண்ணை ரிப்போர்ட்டிலும் எழுதிவிடுங்கள், என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

வைவாவுக்கு லேப் கம்ப்யூட்டரை நம்ப வேண்டாம். விர்ச்சுவல் மெஷினை ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும்: பென்டிரைவ் ஃபேட்32-இல் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதையும் முந்தின நாளே. நான் காலை எட்டு மணிக்கு, பரமக்குடி தாண்டிய பஸ்ஸில் உட்கார்ந்து மாற்றினேன்.