உண்ணிச்செடியை எரிபொருளாக்கிய எங்கள் முதல் ஆண்டு

நீலகிரி மாவட்டத்தின் கூடலூருக்கு அருகே, காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் மாடு மேய்ந்த இடங்களையெல்லாம் உண்ணிச்செடி மூடிவிட்டதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான், அதை வெட்டி பிரிக்கெட் (தூளை அழுத்திச் செய்யும் எரிகட்டை) செய்யும் வேலையில் எங்கள் குழு இறங்கியது. ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி இது. இலையில் நஞ்சு இருப்பதால் கால்நடைகள் ஒதுக்கிவிடுகின்றன. பழத்தைத் தின்னும் பறவைகளோ விதையைக் காடெங்கும் போட்டுவிடுகின்றன.

அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022-இல் கொள்கையே வெளியிட்டிருந்ததால், அனுமதி விரைவில் கிடைக்கும் என்று நம்பினோம். எந்தப் பரப்பில் வெட்டுவது, எத்தனை பேர் உள்ளே போவது, வண்டி எந்தத் தடத்தில் வருவது என்று விண்ணப்பத்தை மூன்று முறை திருத்தி எழுதியதில் மார்கழி கழிந்துவிட்டது. அந்தத் தாமதம் எங்களைக் கலங்கடித்தது. மாசி, பங்குனியில் காட்டுத்தீ பரவும்போது வெட்டிய செடி உள்ளே குவிந்து கிடந்தால், தீக்கு நாங்களே விறகு அடுக்கிக் கொடுத்ததாக ஆகியிருக்கும்.

தரைக்கு மேலே வெட்டினால் உண்ணி மறுபடியும் துளிர்க்கும். ஆகவே சூழலியல் பேராசிரியர் சி.ஆர்.பாபு வகுத்த முறைப்படி, மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம். கூலி கூடுதலானாலும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

காய்ந்த தண்டைத் துண்டாக்கி, அரைத்துத் தூளாக்கி, இயந்திரத்தில் கொடுத்தால், அழுத்தத்திலும் சூட்டிலும் மரத்திலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பிணைப்புப் பொருள் இளகித் தூளைப் பிணைத்துவிடும்; பசை எதுவும் வேண்டாம். ஆனால் ஈரப்பதம் பத்து, பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் முதல் தூள் பனியில் நனைந்திருந்தது. உள்ளே அடைபட்ட நீராவி வெடிச் சத்தத்துடன் கிளம்ப, வெளிவந்த கட்டைகள் வளையம் வளையமாகப் பிளந்து, கையில் எடுத்ததும் உதிர்ந்தன. தார்ப்பாயில் ஒரு வாரம் பரப்பி, காலையும் மாலையும் கிளறிக் காயவைத்த பிறகே, இரண்டாக ஒடித்தால் சடக்கென முறியும் கட்டை கிடைத்தது. அதை ஒரு தேயிலைத் தொழிற்சாலை விறகுக்குப் பதிலாக உலர்த்தும் அடுப்பில் எரித்துப் பார்த்து, தொடர்ந்து வாங்க ஒப்புக்கொண்டது.

இயந்திரம் வந்த பிறகுதான் எனக்கு வேறொரு கவலை பிடித்தது. அது நாள்தோறும் தீனி கேட்கும். தீனிக்காக உண்ணியை மறுபடி வளரவிட யாருக்கும் ஆசை வரலாம். அதனால் உண்ணி குறையக் குறைய மர அறுவை ஆலைத் தூளையும் காப்பிக்கொட்டைத் தொலியையும் சேர்ப்பது என்றும், வெட்டிய இடத்தில் மூன்று ஆண்டுகளுக்கு, மறுபடி முளைக்கும் உண்ணிக் கன்றுகளைப் பிடுங்கி உள்நாட்டுப் புல்லை விதைப்பது என்றும் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். இந்த ஆடி மழைக்குப் பின் முதல் பிடுங்கலுக்குப் போனபோது, உண்ணியை அகற்றிய இடத்தில் புல் கணுக்கால் உயரத்துக்கு வந்திருந்தது.