ஏழு மாதக் குழந்தைக்கு மூன்று வேளையும் முழுதானியமா?

குழந்தைக்கு இணை உணவு தொடங்கும் சமயத்தில் யாராவது அச்சடித்த டயட் தாளை நீட்டினால், வாங்கிப் பையில் வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்த வயசுக்குங்க?" நான் கேட்டேன். "எல்லாருக்கும் இதேதாங்க" என்றார்கள். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நாங்கள் இருப்பது பொள்ளாச்சிப் பக்கம். அம்மா வீடு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அப்புறம் மசித்த பருப்புச் சாதம், நெய் விட்டு. அதுவரை ஒரு குறையும் இல்லை. எடை அட்டையில் பாப்பாவின் கோடு பச்சையில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

லேசான சளிக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, சாப்பாட்டு விவரத்துக்கு டயட் பிரிவுக்குப் போகச் சொன்னார். அதற்குத் தனிக் கட்டணம், தனி டோக்கன். உள்ளே இருந்தவர் குழந்தையைத் தூக்கிப் பார்க்கவில்லை, எடை கேட்கவில்லை. வயதை மட்டும் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்தார். ஓட்ஸ், பிரவுன் ரைஸ், தீட்டாத தினை, சாமை, கோதுமைத் தவிடு என்று இருந்த வரியைப் பேனாவால் சுழித்து, "மூணு வேளையும் இதுல ஏதாவது ஒண்ணு கஞ்சியா குடுங்க, வெள்ளை அரிசி வேண்டாம்" என்றார். அதே தாளில் கீழே நெய், தேங்காய், முட்டை மஞ்சள் கரு மூன்றும் "தவிர்க்கவும்" பட்டியலில் இருந்தன. இவ்வளவு நார்ச்சத்து ஏழு மாதக் குழந்தைக்குத் தாங்குமா என்று கேட்டேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சர்க்கரை நோய்க்காரர்களுக்கு அடித்து வைத்திருந்த தாள் அது. மாமாவுக்கு அதே கட்டிடத்தில் கொடுத்த தாளைப் பிற்பாடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வரிக்கு வரி ஒன்றாக இருந்தது.

கொஞ்ச நாளிலேயே பாப்பாவின் வயிறு உப்பிக்கொண்டது. நாலு ஸ்பூன் கஞ்சி உள்ளே போனதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பால் குடிப்பதும் குறைந்தது. மலத்தில் தவிடு அப்படியே வந்தது. அம்மிச்சி, அதான் பாட்டி, போனில் கேட்டுவிட்டு, "பச்சப்புள்ளைக்குத் தவிட்டக் கரைச்சு ஊத்தச் சொன்னது ஆருங்கண்ணு?" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

அம்மா வீட்டுக்குப் போய்விட்டோம். அங்கே துணை சுகாதார நிலையத்தில் எடை போடலாம் என்று போனால், முன்னால் உட்கார்ந்திருந்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது தமிழ்நாட்டுக் கார்டு. அங்க போயி காட்டுங்க." வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம் இதுதான் பேச்சு. அன்றைக்கு நர்ஸ் களப்பணிக்குப் போயிருந்ததால் கேட்க ஆளில்லாமல் திரும்பினோம். எல்லையோரத்தில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: தாய்-சேய் பாதுகாப்பு அட்டை எந்த மாநிலத்துடையதாக இருந்தாலும் தடுப்பூசியை எங்கேயும் போட்டுக்கொள்ளலாம். தடுப்பூசி விவரத்தை நாடு முழுக்க ஒரே இடத்தில் பதியும் மத்திய அரசின் யூ-வின் இணையதளம் அதற்கு வசதியாகத்தான் வந்தது. அட்டையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால் நர்ஸ் வரும் நாளைக் கேட்டுக்கொண்டு அவரிடமே நேராகப் போங்கள்.

அடுத்த தடவை நர்ஸ் இருந்தார். எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோட்டை இழுத்தார். கோடு படுத்துவிட்டது. என்ன கொடுக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார், தாளை வாங்கிப் படித்தார். அவர் சொன்னது: "வயிறு நிறையுது, உடம்பு நிறையலை."

அந்த ஒரு வரியில் விஷயம் முழுக்க இருக்கிறது. குழந்தையின் இரைப்பை கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான் பிடிக்கும். எட்டு கிலோக் குழந்தைக்கு ஒரு டம்ளர். அதற்குள் தாய்ப்பாலும் போக வேண்டும். தாய்ப்பால் போக, 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தினம் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வர வேண்டும், 9 முதல் 11 மாதத்தில் 300. நார் மிகுந்த தீட்டாத தானியக் கஞ்சி தண்ணீரைக் குடித்து உப்பி இடத்தை அடைத்துக்கொள்கிறது, கலோரி கம்மி. இன்னொன்று பைட்டிக் அமிலம். தானியத்தின் மேல்தோலில் இருக்கும் இது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதவாக்கில் பெரும்பாலும் கரைந்துவிடும்; சரியாக அந்த நேரத்தில்தான் நாம் மூன்று வேளையும் தவிட்டுக் கஞ்சி ஊற்றச் சொல்லப்படுகிறோம்.

முழுதானியமே ஆகாது என்று அவர் சொல்லவில்லை. அளவாக, பக்குவமாக, மற்றதோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் அறிவுரையும் இதுதான்: இரண்டு வயதுக்குள் முழுதானியம் மட்டுமே கொடுப்பது நல்லதல்ல, அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பெரியவர்களுக்கு நல்லதென்று நாம் தேடிப்போகும் அதே குணம், சீக்கிரம் வயிறு நிறைவது, குழந்தைக்குப் பாதகமாகிவிடுகிறது.

இரும்புச் சிரப் கையோடு கொடுத்தார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி, அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. அந்த டயட் தாளில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

இனி ராகி. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியத்தை விட மனசில்லை. அம்மிச்சி கையில் எடுத்துக்கொண்டது. ராகியைக் கல் போக அரித்து, இரவெல்லாம் ஊறவைத்து, தண்ணீர் வடித்து, பழைய வேட்டித் துணியில் இறுக்கமில்லாமல் கட்டித் தொங்கவிட்டது. காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெள்ளையாக வால் எட்டிப் பார்த்ததும் அவிழ்த்து, நிழலில் மொறமொறவென்று காயவிட்டு, உள்ளங்கையால் தேய்த்து வாலை உதிர்த்துவிட்டு, மிதமான சூட்டில் வாசம் வரும் மட்டும் வறுத்தது. கருக வறுத்தால் முளைகட்டிய பலன் போய்விடும். முளைக்கும்போது பைட்டிக் அமிலம் குறைகிறது. அமிலேஸ் என்ற நொதி உண்டாகி மாவுச்சத்தை உடைக்கிறது.

அந்த நொதி செய்யும் வேலையை அடுப்பில் கண்ணால் பார்த்தேன். சாதா ராகி மாவு ஒரு ஸ்பூன் போட்டாலே களியாக இறுகி, தண்ணீர் ஊற்றி ஊற்றி இளக்க வேண்டியிருந்தது. குழந்தை வயிற்றுக்குப் போனதில் பாதி தண்ணீர். முளைகட்டிய மாவு இரண்டு மடங்கு போட்டும் கரண்டியிலிருந்து வழிந்து விழுந்தது. அதே கிண்ணம், சாப்பாடு இரட்டிப்பு. அரிசிக் கஞ்சி இறுகிப்போனாலும் இந்த மாவைக் கரைத்து ஊற்றினால் இளகிக்கொடுக்கும். ஆனால் நன்றாகக் கொதிக்க வேண்டும், பச்சையாகக் கலக்கக் கூடாது. துணியைப் பிரிக்கும்போது பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அரைக்கப் போனதில் ஒரு நடை வீண். மில்லில் அன்றைக்கு மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. "கழுவிட்டுப் போட்டுத் தரேன்" என்றார் மில்காரர். மிஷினைக் கழுவினாலும் நெடி போகாது. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குழந்தை மாவுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள், மிளகாய், மல்லி அரைக்காத மிஷினா என்று கேளுங்கள். கொஞ்சமாக இருந்தால் வீட்டு மிக்ஸியே மேல். முதலில் மெல்லிய துணியில் சலித்தோம். சலிக்கும்போது தோலோடு கால்சியமும் கொஞ்சம் போகும்தான், ஆனால் எட்டு மாதத்தில் அவளுக்குச் சலித்த மாவுதான் செரித்தது. பத்து மாதம் ஆனபின் துணியை விட்டுச் சல்லடைக்கு மாறினோம், ஒன்றும் செய்யவில்லை.

பாலக்காட்டு மட்டை அரிசி பற்றி வீட்டில் பெரிய தர்க்கம். தவிடு முழுக்கப் போகாத சிவப்பரிசி, கொடுக்கலாமா கூடாதா? நர்ஸைக் கேட்டு வழி கண்டோம்: மட்டைப் பொடியரிசியைக் குழைய வேகவைத்து மசித்து ஒரு வேளை, மற்ற வேளை வெள்ளை அரிசி, பருப்பு. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு ஸ்பூன் நெய்யோ தேங்காய் எண்ணெயோ. முட்டை மஞ்சள் கரு, முள் எடுத்த மீன், மசித்த ஈரல் மாறி மாறி. ராகி கொடுக்கும் வேளையில் தக்காளியோ கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துக்கொடுக்கும். உப்பு, சர்க்கரை போடவில்லை. தேன் ஒரு வயது வரைக்கும் தொடவே கூடாது. முழு வேர்க்கடலை, முந்திரி தொண்டையில் சிக்கும், பொடித்தது மட்டும்தான்.

ஒன்பது மாத அம்மைத் தடுப்பூசிக்குப் போனபோது கோடு மறுபடி நிமிர்ந்திருந்தது. நர்ஸ் பேனாவை வைத்துவிட்டுப் பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மருத்துவமனைக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்தேன்: குழந்தைகளுக்குத் தனித் தாள் வையுங்கள், எடை பார்க்காமல் உணவு எழுதாதீர்கள் என்று. வாங்கிக்கொண்டார்கள். கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை. நான் கேட்டதும் அதற்கில்லை.

அம்மா வீட்டிலேயே சில மாதம் இருப்பதாக ஆனதால், அங்கன்வாடியில் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் என்ற சத்துமாவு வாங்கப் போனோம். கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் தயாரிப்பது. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்ந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை கொடுக்கிறார்கள். பாப்பாவின் பெயர் பொள்ளாச்சி அங்கன்வாடியில் இருக்கிறது, அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும் என்றார் டீச்சர். அவர் மேல் குற்றமில்லை, போனில் காட்டினார். ஆனால் அதைப் பக்கத்து வீட்டுக்காரம்மா வழியாக முன்னாலேயே சொல்லியிருந்தால் பிள்ளையோடு ஒரு பஸ் பயணம் மிச்சம். பிரசவத்துக்கோ வளர்க்கவோ மாநிலம் தாண்டிப் போகிறவர்கள், கிளம்பும் முன்பே சொந்த ஊர் அங்கன்வாடியில் மாற்றிவிடச் சொல்லிவிடுங்கள். தாயின் ஆதார், தாய்-சேய் அட்டை இரண்டுக்கும் நகல் கையில் இருக்கட்டும். மாவு கிடைத்தபின் அதை மட்டுமே கொடுக்கவில்லை. ஏற்கனவே சர்க்கரை இருப்பதால் மேலே இனிப்பு எதுவும் சேர்க்காமல், ஒரு வேளைக்கு நன்றாக வேகவைத்து, நெய் விட்டுக் கொடுத்தோம். இந்தக் கலவை அவளுக்குப் புதிது என்பதால் முதலில் ஒரே ஸ்பூன், காலை வேளையில், தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பகல் முழுக்கப் பார்க்க வசதியாக.