கழுத்துக்கு வந்த டிவி

எங்கள் வீட்டு டிவியில் சத்தம் 34-ல் இருந்தால்தான் எனக்கு வசனம் புரியும். வீட்டுக்காரருக்கு 14 போதும். இந்த இருபதுதான் இரண்டு வருடமாக எங்களுக்குள் சண்டை. ராத்திரி ஒன்பதரைக்கு அவர் படுக்கப் போனதும் 20-க்குக் குறைத்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே ரிமோட்டுக்குப் போய்விடும்.

ஒரு நாள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது மேல்வீட்டுப் பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, நேத்து அந்த மாமியாருக்கு நெஞ்சுவலி வந்துதுல்ல, அப்புறம் என்னாச்சு? பாதியில தூங்கிட்டேன்." அவர்கள் வீட்டில் டிவியே கிடையாது.

இதை மகனிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து பார்சல் வந்தது. உள்ளே குதிரை லாடம் மாதிரி ஒரு சாமான், கழுத்து ஸ்பீக்கராம். கழுத்தில் மாட்டினால் இரண்டு முனையும் நெஞ்சுக்கு மேலே வந்து உட்காரும். இரண்டு பக்கமும் காதைப் பார்த்தபடி ஒவ்வொரு ஸ்பீக்கர். 2017 வாக்கிலேயே போஸ், ஜேபிஎல், சோனி எல்லாம் இந்த ரகத்தைக் கொண்டுவந்துவிட்டார்களாம், எனக்குத்தான் தெரியவில்லை. மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அவர் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, நுகத்தடி மாதிரி? இன்னொரு மாடு எங்க?" என்றார்.

"அதான் பேப்பர் படிச்சிட்டிருக்கே" என்றேன்.

ஹெட்போன் வாங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். நான் 1984-ல் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் கால்களைப் போர்டில் கையால் இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். வெளியூர் நம்பரை அவரவரே நேராகச் சுழற்றும் எஸ்.டி.டி. வந்து போர்டு வேலை ஓயும்வரை பன்னிரண்டு வருடம் தலையில் ஹெட்செட். பிறகு கவுன்டர் வேலை, 2020 ஜனவரி 31-ல் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் எழுபத்தெட்டாயிரத்துச் சொச்சம் பேரோடு நானும் வெளியே வந்தேன். காதை மூடிக்கொண்டு உட்காரும் வேலை போதும் என்றாகிவிட்டது. அதுவும் இல்லாமல், காதை மூடினால் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று யார் எண்ணுவது? தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் யார் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவது? இதில் காது திறந்தே இருக்கிறது. அந்த ஒரு விஷயத்துக்காகவே முதல் நாளே பிடித்துவிட்டது.

ஆனால் முதல் நாள் ராத்திரி பாதியில் கழற்றி வைத்துவிட்டேன். டிவியோடு ப்ளூடூத்தில் சேர்த்தாயிற்று, சத்தமும் வந்தது. திரையில் அந்த அம்மாள் வாயை மூடிய பிறகுதான் கடைசி வார்த்தை என் கழுத்துக்கு வருகிறது. எனக்கு இது பழக்கமான தொல்லை. அந்தக் காலத்தில் அமெரிக்கா கால் சாட்டிலைட் வழியாகப் போனால், குரல் சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்க வேண்டும். அதற்குக் கால் விநாடி ஆகிவிடும். இந்தப் பக்கம் "நல்லா இருக்கியா" என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று திரும்பவும் கேட்பார்கள். அதற்குள் பதில் வந்து இரண்டும் மோதும். ப்ளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, விரித்துப் போடுவதற்குள் கிட்டத்தட்ட அதே கால் விநாடி போய்விடுகிறது. டிவியிலிருந்து கழுத்துக்கு வர அமெரிக்கா போகிற நேரம்.

டிவி மெனுவில் சத்தத்தைப் படத்தோடு பொருத்தும் இடம் ஒன்று இருந்தது. அரை மணி நேரம் அதில் மல்லாடினேன். சத்தத்தை இன்னும் தள்ளிப்போடத்தான் அதற்குத் தெரியும். தாமதமாக வந்ததை முன்னால் இழுக்க வழியில்லை. இன்னொரு வம்பும் இருந்தது. எங்கள் டிவி ப்ளூடூத்தில் சேர்ந்ததும் தன் வாயை மூடிக்கொள்கிறது. எனக்குக் கேட்டால் அவருக்குக் கேட்காது. சண்டை தீர்ந்தது என்று பார்த்தால் வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது.

மகனுக்குப் போன் போட்டதில், "பெட்டிக்குள்ள அட்டைக்கு அடியில ஒரு சின்ன கறுப்பு டப்பா இருக்கும் பாரும்மா" என்றான். இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. டிவியின் முதுகில் ஆப்டிகல் என்று ஒரு ஓட்டை, உள்ளே சிவப்பாக வெளிச்சம் தெரியும். அதில் ஒரு வயரைச் செருகி டப்பாவோடு சேர்க்க வேண்டும். டிவிக்குப் பதிலாக இந்த டப்பாதான் கழுத்துக்குச் சத்தத்தை அனுப்பும். சேர்த்தேன். சத்தமே இல்லை. மறுபடியும் போன். டிவியின் ஆடியோ செட்டிங்கில் டால்பி என்று இருந்ததை பி.சி.எம். என்று மாற்றச் சொன்னான். மாற்றிய நொடி கழுத்திலிருந்து ஒரு டிடர்ஜென்ட் விளம்பரம் கத்தியது. உதடும் வார்த்தையும் ஒட்டிக்கொண்டன. டிவி ஸ்பீக்கரும் தன் பாட்டுக்குப் பேசுகிறது, இரண்டும் சேர்ந்து எதிரொலிக்கவும் இல்லை. இந்த மாதிரி சாமானை வாங்குகிறவர்கள் இந்த டப்பாவும் கூட வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிக்கு டப்பா இல்லாமல் இது தண்டம்.

இப்போது டிவி 14-லேயே இருக்கிறது. எனக்கு வேண்டியதைக் கழுத்தில் வைத்துக்கொள்கிறேன். கணக்கு சுலபம்தான்: தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். மூன்று மீட்டரில் இருந்த ஸ்பீக்கர் காதுக்கு இருபது சென்டிமீட்டரில் வந்தால் 23 டெசிபலுக்கு மேல் லாபம். நாலு சுவருக்குள் அவ்வளவு முழுசாகக் கிடைக்காது, ஆனாலும் மேல்வீட்டுப் பெண்ணுக்குக் கதை நின்றுபோனது உண்மை. பாவம், இப்போது என்னிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். பக்கத்து அறையில் கதவைச் சாத்திப் படுத்தால் ஒன்றும் கேட்காது. என் பக்கத்திலேயே உட்கார்ந்தால் கேட்கும், அதுவும் எங்கோ டீக்கடையில் ரேடியோ ஓடுகிற மாதிரி அரைகுறையாக. அவருக்கு 34-ஐவிட இதுதான் அதிக எரிச்சல் என்கிறார்.

சரி, சத்தம் எப்படி? பாட்டுக்கு இது ஆகாது. கச்சேரி வைத்தால் மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் கேட்கிறது, இடப்பக்கம் கனமாகப் பேசும் தொப்பியைக் காணோம். பேச்சுக்கு அது எதுவும் வேண்டாம். டெலிபோன் லைன் கடத்தியது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும்தான். அதற்குள்தான் கல்யாணம், கருமாதி, கடன் எல்லாம் பேசி முடித்தார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு புது வியாதி. சீரியலில் வீட்டுப் பெரியவராக வருகிறவர் கனத்த குரலில் வாயைத் திறந்தால் போதும், ஸ்பீக்கரில் கிர்ர்ரென்று ஓர் அதிர்வு. மற்றவர்கள் பேசினால் இல்லை. பழுதாகிவிட்டது, திருப்பி அனுப்பிவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். கழற்றி மேஜைமேல் வைத்தால் சுத்தமாகப் பேசுகிறது. மாட்டினால் கிர்ர். மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது: என் தாலிச் செயின். லாடத்துக்கும் எலும்புக்கும் நடுவில் செயின் மாட்டிக்கொண்டு அவர் குரலுக்குத் தாளம் போட்டிருக்கிறது. முந்தானையை மடித்து அடியில் வைத்ததும் பெரியவர் குணமாகிவிட்டார். வடிவமைத்த ஆள் இதை எந்தக் கழுத்தில் மாட்டிப் பார்த்தாரோ, அந்தக் கழுத்தில் செயின் இருந்திருக்காது.

குனியும்போதும் கவனம் வேண்டும். வெங்காயக் கூடைக்குக் குனிந்தபோது ஒரு முறை கூடைக்குள்ளேயே விழுந்தது. சித்திரை வெயிலில் பின்கழுத்தில் வியர்த்து நசநசவென்று இருக்கும். இருந்தும் கழற்றுவதில்லை, ஏனென்றால் இதை மாட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடலாம். தோசை திருப்பிக்கொண்டே சீரியல் கேட்கிறேன். ஹாலில் யாருமில்லாமல் டிவி ஓடுவதைப் பார்த்து அவர் அணைத்துவிடுவார். அடுப்படியிலிருந்து நான் கத்துவேன்.

ஒரு குறை மட்டும் அப்படியே இருக்கிறது. போன வாரம் ஒருத்தி அழுதுகொண்டே "வீட்டு சத்திரத்தை எடுத்துட்டுப் போயிட்டான்" என்றாள். எந்த சத்திரம் என்று இரண்டு காட்சி யோசித்தேன். பத்திரம். போர்டில் உட்கார்ந்த நாளில் "எஸ் ஃபார் சுகர், எஃப் ஃபார் ஃபாதர்" என்று சொல்லிச் சொல்லி வாங்குவோம். அந்த இரண்டு எழுத்தின் சீறலும் 3,400-க்கு மேலே போய்விடும், லைன் அதைக் கடத்தாது. இப்போது என் காதே அந்த லைன் மாதிரி ஆகிவிட்டது. ஈ.என்.டி. டாக்டர் எடுத்த வரைபடத்தில் கோடு 2,000 வரை ஒழுங்காக வந்து, அப்புறம் மலைக்கோட்டைப் படி மாதிரி இறங்குகிறது. ஹெட்செட் போட்டதாலா என்று கேட்டேன். வயசும்மா என்றார். கழுத்து ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பக்கத்தில் கொண்டுவரும். இறங்கிய இடத்தை மட்டும் தூக்கிக் கொடுப்பது காது மெஷின் வேலை என்றும் சொன்னார்.

ஆடி கழியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் காலண்டரில் ஆவணி ஒன்றாம் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார்.