முதலில் பட்டயம், பிறகு பத்திரம்

நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கில், பிரிட்டிஷ் காலனி காலத்தில் நடந்த நில வழக்கு ஒன்றை இன்று படித்தபோது இரண்டு தேதிகள் கண்ணை உறுத்தின.

பெருநிலக்காரர் அடால்ஃப் ஃபிலிப்ஸுக்கு அந்த நிலத்தை வழங்கிய அரச பட்டயம்: 1697. அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளான வாப்பிங்கர் மக்களிடம் நிலம் வாங்கியதாக அவர் வாரிசுகள் காட்டிய பத்திரம்: 1702.

முறைப்படி, முதலில் பூர்வகுடிகளிடம் கிரயம். அதன் பிறகே பட்டயம். இங்கே தலைகீழ். அந்தப் பத்திரமும் 1765 விசாரணையில்தான் வெளியே வந்தது!

வாப்பிங்கர் ஆண்கள் பிரிட்டனுக்காகப் பிரெஞ்சுக்காரருக்கு எதிராகப் போரிட்டார்கள். அவர்கள் குடும்பங்கள் மாசசூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜில் இருந்தன. அந்த இடைவெளியில் வாரிசுகள் பிடியை இறுக்கினார்கள். வாப்பிங்கரிடம் குத்தகை பெற்ற உழவர்களை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள்.

வாப்பிங்கர் தலைவர் டேனியல் நிம்ஹாம் முறையிட்டது, காலனி ஆளுநரின் ஆலோசனை சபையான நியூயார்க் கவுன்சிலிடம். அதில் பெருநிலக்காரர்களும் அவர்களின் உறவினரும் இருந்தார்கள். நியாயம் எப்படிக் கிடைக்கும்?

1766-இல் குத்தகை உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைமை தாங்கிய வில்லியம் பிரெண்டர்காஸ்டுக்கு மரண தண்டனை. பிறகு மன்னரின் மன்னிப்பு.

நிம்ஹாம் லண்டன் வரை போனார். காலனிகளைக் கவனித்த பிரிட்டிஷ் அமைப்பான வர்த்தக வாரியம் காதுகொடுத்துக் கேட்டது. ஆனால் மறுவிசாரணை மீண்டும் நியூயார்க்கிலேயே நடந்தது. 1767-இல் மறுபடி தோல்வி.

அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட நிம்ஹாம் 1778-இல் களத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு, மன்னர் பக்கம் நின்ற அந்த வாரிசுகளின் நிலத்தை நியூயார்க் பறிமுதல் செய்தது. அதை வாப்பிங்கருக்குத் திருப்பித் தரவில்லை; விற்றது.