20 கதவு வீடு

கவாய் அறுவடைத் திருநாள் விடுமுறைக்கு நண்பனோடு ஸ்ரீ அமான் பக்கம், அவனுடைய நீள வீட்டுக்குப் போயிருந்தேன். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் வாழும் இபான் பழங்குடி மக்களுக்கு வீட்டின் அளவு என்றால் கதவுக் கணக்குதான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள்; ஒரு கதவு, ஒரு குடும்பம். இது 20 கதவு.

என் மனசில் இருந்த படமே வேறு. ஆற்றங்கரை, பெலியான் என்ற உறுதியான மரத்தில் தூண்கள், படி செதுக்கிய ஒற்றை மரத்தடி ஏணி, பிளந்த மூங்கில் தரை. அங்கே போனால் தார்ச்சாலை ஓரம் சிமெண்ட் சுவர், டைல்ஸ், தகரக் கூரை! நெல் காயவைக்கும் ‘தாஞ்சு’ முற்றம் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகக் கார்கள்.

“பழைய மாதிரியே கட்டியிருக்கலாமே பாட்டி?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மர வீட்டில் ஒரு அடுப்பு பற்றினால் மொத்த வரிசையும் சாம்பல் என்றார். பெலியான் விற்கிற விலைக்கு யார் வாங்குவது?

ஆனால் எல்லா வீட்டுக்கும் பொதுவான அந்த நீளத் திண்ணை, ‘ருவாய்’, அப்படியே இருக்கிறது. ராத்திரி 11 மணிக்கும் பாய் விரித்து அரட்டை. பாட்டிக்கு டைல்ஸ்மேல் மட்டும் தீராத கோபம். முழங்காலில் குளிர் ஏறுகிறதாம். மூங்கில் தரையென்றால் குப்பையை இடுக்கில் தள்ளிவிடலாம், மிச்சத்தைக் கீழே கோழி பார்த்துக்கொள்ளும்.