நாலாம் மாடி, ரங்கூன்

ஜூன் 19
மழை. கை மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி அம்மாவைக் குளிப்பாட்டினேன். வெந்நீர் சூடு போதவில்லையாம்.

ஜூன் 21
சென்னையிலிருந்து பெரியம்மா போன். "ரெண்டு வேளையும் பால் குடுடி, எலும்பு சேரும்." ஒரு டம்ளர் பால் குடித்தால் அம்மாவுக்கு வயிறு உப்பி, ஒரு மணி நேரத்தில் கக்கூஸ். அதை ஏதோ குறை மாதிரிப் பேசுகிறார்கள். உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கிற லாக்டேஸ் குறைந்துபோகிறது. இந்தத் தெருவில் யார் டம்ளரில் பால் குடிக்கிறார்கள்? டீக்கடையில் டின்பால் டீயோடு சரி.

ஜூன் 24
லிஃப்ட் இல்லாத கட்டடம். காய்கறியைக் கயிறு கட்டி மேலே இழுத்துவிடலாம். அம்மாவை?

ஜூன் 28
தம்பி மகள் சிங்கப்பூரில் எச்சிலில் மரபணுச் சோதனை செய்துகொண்டாளாம். ரெண்டாவது குரோமோசோமில், லாக்டேஸ் மரபணுவுக்குக் கொஞ்சம் முன்னால், 13910 என்று ஓர் இடம். அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என்று அங்கே இரண்டு எழுத்து. அதில் ஒரு 'டி' இருந்தாலே வயதான பிறகும் பால் செரிக்கும். அவளுக்கு இரண்டும் 'சி'. ஒன்று தம்பி கொடுத்தது. அவனுக்கு அது அம்மாவிடமிருந்தா, அப்பாவிடமிருந்தா? அப்பா ராத்திரி பால் குடிக்காமல் படுத்ததில்லை. எனக்கும் பால் ஒத்துக்கொள்கிறது. 2004இல் ஆஸ்திரியாவில், மாதவிடாய் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறார்கள்: இரண்டும் 'சி' ஆனவர்கள் பாலைக் குறைவாகக் குடித்தார்கள், எலும்பு அடர்த்தியும் குறைவு. அதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

ஜூலை 2
கரண்ட் இல்லை. படியெல்லாம் இருட்டு.

ஜூலை 5
பக்கத்து வீட்டுப் பையன்கள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்கேன் கொஞ்ச நேரம்தான். இடுப்பில் எலும்பு அடர்த்திக் கணக்கு மைனஸ் 2.9. மைனஸ் 2.5க்கு இறங்கினாலே எலும்புப்புரையாம். டாக்டர் சயாமா உயரமும் அளந்தார். "முன்னே எவ்வளவு இருந்தீங்க?" யாருக்குத் தெரியும்! ஆனால் போன வருஷத்திலிருந்தே அம்மாவின் தமேன் கைலி தரையில் இழுபடுகிறது. துணி மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். முதுகெலும்பு நசுங்கி உயரம் குறைந்திருக்கலாம் என்கிறார்.
பால் வேண்டாம், தயிர் போதும் என்றார். உறைகிறபோதே கிருமிகள் லாக்டோஸில், அதாவது பால் சர்க்கரையில், ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. பெரியம்மாவிடம் சொன்னேன். "தயிர் சளி பிடிக்கும்டி."

ஜூலை 6
ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேணும். ஒரு கிண்ணம் தயிரில் 300 பக்கம் வரும். முள்ளோடு மெல்லுகிற நெத்திலிக் கருவாடு நல்லது, அம்மாவுக்கு உயிர். டோஃபு கொடு என்கிறார்கள், ஆனால் இங்கே ஷான் டோஃபு கடலை மாவு. சோயாவும் இல்லை, கால்சியம் உப்பு போட்டு உறைய வைப்பதும் இல்லை. எள்ளில் ஏராளம், தோலில் இருக்கிற ஆக்சலேட் அதை உடம்பில் சேர விட்டால்தானே? மீதிக்கு மாத்திரை, சாப்பாட்டோடு.

ஜூலை 12
எலும்புக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை. வெறும் வயிறு, வெறும் தண்ணீர், அரை மணி நேரம் படுக்கக் கூடாது. டீ கேட்டாள். இல்லை என்றேன். முறைத்தாள்.

ஜூலை 18
ஆடி வெள்ளி. விடியற்காலையிலிருந்து காளியம்மன் கோயிலுக்குப் போகணும் என்று அம்மாவின் ஜபம். கட்டுதான் பிரித்தாச்சே என்கிறாள். கை கூடிவிட்டது சரி, இடுப்பு அதே மைனஸ் 2.9 தானே! "உங்கப்பா இருந்தா தூக்கிட்டே போயிருப்பார்." சத்தம் போட்டுவிட்டேன்.

ஜூலை 21
அடுத்த வெள்ளிக்குப் பையன்கள் வருகிறார்கள். நாற்காலிக்கு நல்ல கயிறாக வாங்கணும். எனக்கும் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார் சயாமா. 52 ஆகிறதே என்றார்.